10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 5 காட்டிய கதை

மூன்று நாள் போனது. வீட்டுப் பழைய ஆம்ப்ளிஃபயரில் இடது ஸ்பீக்கர் மட்டும் முனகியது. ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன், வயரை மாற்றினேன். இடது பக்கம் அப்படியேதான். போர்டைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால், பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சு வளையம் போட்ட ரெசிஸ்டர் (மின்தடையம்), அதாவது 10 கிலோ ஓம், 5 கிலோ ஓம்தான் காட்டியது. திருடன் அகப்பட்டான் என்று புதிது போட்டேன். அதுவும் 5. இன்னொன்று போட்டேன். அதே 5!

ரெசிஸ்டரின் ஒரு பக்கக் கம்பியை, அதாவது அதன் காலை, சால்டரிலிருந்து விடுவித்து அளந்தபோதுதான் 9.9 வந்தது. போர்டில் இருக்கையில் மீட்டரின் மின்னோட்டம் மற்ற பாதைகளிலும் புகுந்துவிடுகிறது. இப்படிப் பாதைகள் பக்கம் பக்கமாகச் சேரும் பக்க இணைப்பில் (parallel) மொத்த மின்தடை, இருப்பதில் சிறியதைவிடவும் குறைவு. ஆக, போர்டில் வைத்து அளக்கையில் குறைத்துக் காட்டினால் சந்தேகம் மட்டும்தான். அதிகமாகக் காட்டினால் ரெசிஸ்டர் போயே போச்சு.

அப்படித் தேடியதில் வால்யூம் கன்ட்ரோல் அருகே ஒரு 22 கிலோ ஓம், கருகலே இல்லாமல் பளபளப்பாக, 60 காட்டியது. அதன் காலைத் தூக்கி அளந்தால் முழு ஓப்பன், உள்ளே தொடர்பே அறுந்திருந்தது. அந்த 60 அக்கம்பக்கத்துப் பாதையுடையது. புதிது வைத்ததும் போர்டில் 16 வந்தது: 22-ம் 60-ம் சேர்ந்தால் அதுதான் கணக்கு. சத்தமும் வந்துவிட்டது.

அளக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள். மிச்ச சார்ஜ் இருந்தால் மீட்டர் இஷ்டத்துக்கு உளறும்.