ரெம்பிராண்டின் நிழலைப் பார்த்து வரைவது: 12×10 போர்டில் ஒரு பயிற்சி

ஒளி-நிழல் பழக பத்துப் படம் வேண்டாம், ஒன்றே போதும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1628 வாக்கில் வரைந்த தன்னுருவப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிய அளவிலேயே இலவசமாகக் கிடைக்கும். அசல் வெறும் 22.6 × 18.7 செ.மீ. கடையில் விற்கும் 12×10 அங்குல கேன்வாஸ் போர்டும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். படத்திலும் போர்டிலும் 6×5 கட்டம் போட்டால் போர்டில் ஒரு கட்டம் சரியாக 2 அங்குலம்.

எண்ணெய் வண்ணம் ஐந்து போதும்: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ஐவரி பிளாக். கறுப்பு வண்ணம், பின்சுவரின் சாம்பல் நிறத்துக்கு மட்டும். முகத்து நிழலில் அதைத் தொடவே வேண்டாம், கரி பூசியதுபோல் செத்துவிடும். பன்றிமுடி பிரஷ் 2, 6 எண்கள். மென்மையான செயற்கைமுடி பிரஷ் அம்பரை இழுத்துத் தேய்க்கத் தாங்காது.

முதல் நாள் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் போர்டு முழுக்கப் பூசி, பழைய பனியன் துணியால் துடைத்துவிடுங்கள். பால் அதிகம் விட்ட டீயின் நிறம் வந்தால் சரி. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும்.

அடுத்து கட்டத்தைப் பார்த்துக் கோட்டுருவம். பிறகு கண்ணை இடுக்கிப் பாருங்கள். ஒளி இடப்பக்கமிருந்து வந்து கன்னத்திலும் கழுத்திலும் மட்டும் விழுகிறது. மீதி முகம், முடி, உடை எல்லாம் ஒட்டிய ஒரே இருட்டுத் திட்டு. அந்தத் திட்டை அம்பரால் மெல்லிசாக, ஒரே அடர்த்தியில் நிரப்புங்கள்.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அந்தப் படத்தில் கண்கள் நிழலுக்குள் இருக்கின்றன, தேடினால்தான் தெரியும். போனில் வெளிச்சத்தைக் கூட்டி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் இமை, விழி எல்லாம் துலக்கமாகத் தெரியும். தெரிந்ததை வரைந்துவிடுவோம். நிழல் இரண்டாக உடைந்து முகம் தட்டையாகிவிடும். அதனால் ஆட்டோ பிரைட்னஸை அணைத்து, திரையை ஒரே அளவில் வைத்து, முழுப்படத்தையும் ஆறடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணுக்கு, சுற்றியுள்ள நிழலைவிட இம்மியளவு அடர்த்தி கூடினால் போதும்.

ஒளியை இதற்கு நேர்மாறாகத் தடிமனாக வையுங்கள். ஒயிட், ஓக்கர், துளி சியன்னா. எண்ணெய் சேர்க்காமல், ட்யூபிலிருந்து வந்தபடியே கன்னத்தில் அப்பிவிட்டு நகருங்கள். தேய்த்தால் ஒளி மங்கும்.

அடுத்து முடி, இந்தப் படத்தின் அழகே அதுதான். ஈர வண்ணத்தை பிரஷ்ஷின் கட்டை முனையால் கீறியே ரெம்பிராண்ட் சுருள்களைக் காட்டியிருக்கிறார். கீறலில் தெரிவது நீங்கள் முதலில் பூசிய டீ நிறம். அது காயாமலிருந்தால் கீறல் வெள்ளைப் போர்டு வரை போய்ப் பல்லிளிக்கும். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் மற்ற வண்ணங்களைவிடச் சீக்கிரம் காயும். புதுச்சேரியின் மே மாத வெயிலில் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம். முடி பூசிய அதே அமர்வில் கீறிவிடுங்கள்.

காய்ந்ததும் நிழல் வெளிறி, பொலிவிழந்து தெரியும். பயந்துபோய் மேலே இன்னொரு பூச்சு போடாதீர்கள். அடியிலுள்ள பூச்சு எண்ணெயை உறிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். ஆளிவிதை எண்ணெயை ஒரு துளி தொட்டுத் தடவி, உபரியைத் துடைத்தால் பழைய ஆழம் திரும்பும்.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கிழக்கு ஜன்னலின் காலை வெயில் ஈரமான இருட்டில் பட்டுப் பளபளக்கும், அடர்த்தியே பிடிபடாது. பத்து மணிக்குப் பிறகு உட்காருங்கள், அல்லது போர்டைச் சற்று முன்பக்கம் சாய்த்து வையுங்கள்.

பிற்சேர்க்கை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காற்றில் காய்வது மிகவும் தாமதமாகும். போர்டைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்தால் பின்புறம் பூஞ்சை பிடிக்கும், இடைவெளி விடுங்கள். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடவே கூடாது, தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.