ஜெர்மனிக்குப் போய் வேலை தேட ஒரு வருட விசா: கிளம்பும் முன்பே முடிக்க வேண்டியவை

ஜெர்மனியின் ஆப்பர்ச்சூனிட்டி கார்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கே இதை ஷான்சன்கார்ட்டே என்பார்கள். கையில் வேலை இல்லாமலே போய், ஒரு வருடம் வரை தங்கி வேலை தேடிக்கொள்ளலாம். ஏஜென்ட்டுகள் சொல்லாமல் விடுவது, அந்த வருடம் முழுசாகக் கைக்கு வராது என்பதைத்தான். விண்ணப்பம் அனுப்பி, இரண்டு மூன்று இன்டர்வியூ முடிந்து, ஒப்பந்தம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் சாதாரணமாக ஓடிவிடும். அதன் பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் வேலை அனுமதிக்கு மாற சில வாரங்கள், பெரிய நகரமென்றால் சில மாதங்கள்கூட ஆகும். ஆக, எட்டாவது ஒன்பதாவது மாதத்துக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். இங்கிருந்தே முடிக்கக்கூடிய எதையும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த நாட்கள் இந்த எட்டு மாதத்திலிருந்துதான் கழியும்.

சந்தையும் மந்தமாகத்தான் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அங்கே வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து ஆண்டுகளில் முதல் முறையாக 30 லட்சத்தைத் தாண்டியது. கார் கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்பவர்களும் ஆட்களைக் குறைக்கிறார்கள். அதனால் முதலில் இங்கிருந்தபடியே மூன்று மாதம் விண்ணப்பித்துப் பாருங்கள். வேலை கிடைத்துவிட்டால் இந்தக் கார்டே வேண்டாம், பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டு விசாவில் நேராகப் போகலாம். ஒரு இன்டர்வியூகூட வரவில்லை என்றால், அங்கே போய் உட்கார்ந்தாலும் அதே ரெஸ்யூமேக்கு அதே பதில்தான். டாக்டர், நர்ஸ் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களுக்குப் பாதையே வேறு; அவர்கள் இந்தக் கார்டைப் பார்க்கும் முன் தொழில் அங்கீகாரத்துக்குத்தான் முயல வேண்டும்.

புள்ளிக் கணக்கு

ஜெர்மனியில் முழு அங்கீகாரம் பெற்ற படிப்பு இருந்தால் புள்ளி தேவையில்லை. மற்றவர்களுக்குப் பட்டமோ, குறைந்தது இரண்டு வருடத் தொழிற்படிப்போ வேண்டும். கூடவே ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 (ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறிப்போகும் மொழித் தேர்ச்சி நிலைகள் இவை). இவை நுழைவுத் தகுதி மட்டுமே. அதற்கு மேல் 6 புள்ளி சேர்க்க வேண்டும்.

35 வயது வரை 2 புள்ளி, அதைத் தாண்டி 40 வரை 1. படித்த துறையிலேயே கடந்த 5 ஆண்டுகளில் 2 ஆண்டு அனுபவம் இருந்தால் 2, கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டு இருந்தால் 3. ஜெர்மன் ஏ2-க்கு 1, பி1-க்கு 2, பி2-க்கு 3. ஆங்கிலம் சி1-க்கு 1. ஆள் தட்டுப்பாடு உள்ள தொழிலுக்கான படிப்பென்றால் 1. இவை தவிர, அங்கீகார விண்ணப்பத்துக்குப் பகுதி அங்கீகாரம் கிடைத்தால் 4, கடந்த 5 ஆண்டுகளில் ஆறு மாதம் ஜெர்மனியில் முறைப்படி தங்கியிருந்தால் 1, தகுதியுள்ள கணவரோ மனைவியோ சேர்ந்து விண்ணப்பித்தால் 1.

ஆறு ஆண்டு அனுபவமுள்ள 31 வயது அக்கவுண்டன்ட், ஆங்கிலம் சி1 என்று வைத்துக்கொள்வோம்: 2, 3, 1. ஜெர்மன் தெரியாமலே 6 வந்துவிட்டது. இதே ஆள் 37 வயதென்றால் ஒரு புள்ளி குறையும். ஜெர்மன் ஏ2 முடித்தால் சரியாகிவிடும்.

ஆனால் புள்ளிக்குப் போதுமான மொழி வேலைக்குப் போதாது. ஐடி-யில் ஒரு பகுதி ஆங்கிலத்திலேயே ஓடும். டிசைன், கட்டுமானம், உற்பத்தி, அக்கவுண்ட்ஸ் பக்கமெல்லாம் பி1-க்குக் கீழே ரெஸ்யூமேயைப் பிரிக்கவே மாட்டார்கள். பி1 வரை வர வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு ஒரு வருடத்தை ஒட்டி ஆகும். அதை இங்கே முடித்துவிட்டுக் கிளம்புவதுதான் இந்தத் திட்டத்திலேயே பெரிய சேமிப்பு, பணத்திலும் சரி, நாட்களிலும் சரி.

பட்டம், பெயர், பணம்

படிப்பைச் சரிபார்க்க அனாபின் என்ற இலவசத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் கல்லூரிப் பெயரைத் தேடிவிட்டு "இல்லையே" என்று பதறுகிறவர்கள் நிறைய. பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ அதைத்தான் தேட வேண்டும். இணைப்புக் கல்லூரிக்கும் தன்னாட்சிக் கல்லூரிக்கும் இதேதான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைத் தனியாகத் தேடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு எச் பிளஸ் (அங்கீகாரம் பெற்றது) என்ற தரம் இருந்து, உங்கள் பட்டமும் 'என்ட்ஷ்ப்ரிக்ட்' (ஒத்தது) அல்லது 'க்ளைஷ்வெர்ட்டிக்' (சமமானது) என்று குறிக்கப்பட்டிருந்தால், முழு அங்கீகாரமாகவே கொள்வார்கள், மேலே சொன்ன புள்ளிக் கணக்கு தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் பிடிஎஃப்-ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். 'பெடிங்ட் ஃபெர்க்ளைஷ்பார்' (ஓரளவே ஒப்பிடத்தக்கது) என்று வந்தாலோ, பட்டமே பட்டியலில் இல்லாவிட்டாலோ, பான் நகரில் இருக்கும் இசட்ஏபி அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 208 யூரோ. இந்த இடத்தில் பலர் மாட்டுவது ப்ரொவிஷனல் சான்றிதழோடு நின்றுவிடுவதால். பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் விட்டவர்கள் அசல் பட்டத்தை முதலில் வாங்கி வையுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர் இனிஷியல் வழக்கம் ஜெர்மன் படிவங்களில் சரியாக மாட்டும். சான்றிதழில் "க. செந்தில்" என்ற பாணியில் இருக்கும், பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் முதற்பெயர் கட்டத்திலேயே இருக்கும், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகக் கிடக்கும். அங்கே பேங்க், வரி, காப்பீடு எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் கட்டாயக் கட்டம். ஒவ்வொரு அலுவலகமும் தனக்குத் தோன்றியபடி நிரப்பினால், ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்துப் பெயரைப் பிரித்துவிட்டு, அதற்குப் பிறகே விசா, பிளாக்டு அக்கவுண்ட் (மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு), டிக்கெட் என்று போங்கள். வரிசை மாறினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருக்கும்.

செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட பிளாக்டு அக்கவுண்ட்தான் வழக்கமான வழி. 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ, வருடத்துக்கு 13,092. இந்தத் தொகை மாறக்கூடியது, விண்ணப்பிக்கும் நேரத்தில் கான்சுலேட் சொல்வதே கணக்கு. அங்கே பகுதி நேர வேலைக்கு ஒப்பந்தம் இருந்தால் அதையும் காட்டலாம். இந்தியாவிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு பேங்க் 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அது திரும்ப வரும், ஆனால் மாதக்கணக்கில் முடங்கும். மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் மீதி என்று அனுப்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இந்தத் தொகைக்கு வெளியே முதல் மாத வீட்டுக்கும் அட்வான்ஸுக்கும் தனியாகப் பணம் வேண்டும். வீட்டு அட்வான்ஸ் சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை, அதை மூன்று தவணையில் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

விண்ணப்பம் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் ஆன்லைன் தளத்தில். விசா கட்டணம் 75 யூரோ. அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்கிறவர் புள்ளியைக் கூட்டித் தரப்போவதில்லை. கார்டின் கெடு விசா தொடங்கும் தேதியிலிருந்து ஓடும், நீங்கள் இறங்கிய நாளிலிருந்து இல்லை. ஆகவே பயணத் தேதியை யோசித்துப் போடுங்கள். டிசம்பர் நடுவிலும் ஆகஸ்டிலும் அங்கே பாதி அலுவலகம் லீவில் இருக்கும். ஜனவரி முதல் வாரமோ செப்டம்பர் தொடக்கமோ நல்லது.

ரெஸ்யூமே

இங்கே பழகிய ரெஸ்யூமேயில் தகப்பனார் பெயர், பாஸ்போர்ட் எண், "மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்" எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கம், அட்டவணை வடிவம், அண்மைய வேலை மேலே. ஒவ்வொரு வேலைக்கும் மாதமும் வருடமும் வேண்டும். வருடம் மட்டும் போட்டால் இடைவெளியை மறைக்கிறார் என்றுதான் படிப்பார்கள். சிஜிபிஏ-யை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றிப் போடுங்கள்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டவும். 10-க்கு 8 வாங்கி பாஸ் மார்க் 5 என்றால் 2.2 வரும். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 பாஸ்.

மேலேயே ஒரு வரி: ஆப்பர்ச்சூனிட்டி கார்டு எந்தத் தேதி வரை, பட்டம் அனாபினில் ஒப்பானது, ப்ளூ கார்டுக்குத் தகுதி உண்டு. சின்னக் கம்பெனிகளின் எச்ஆர் விசா என்றாலே பயப்படுவார்கள். அந்த வரி பாதி பயத்தைப் போக்கும்.

வேலையை விடும் முன் மேனேஜரிடம் செய்த பணிகளை விவரித்து ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். நம் ஊர் ரிலீவிங் லெட்டரில் தேதியும் பதவியும்தான் இருக்கும்; அங்கே ஒவ்வொரு வேலைக்கும் பணிச்சான்று எதிர்பார்ப்பார்கள். விட்டுவிட்டு வந்த பிறகு கேட்டால் யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

சம்பள எதிர்பார்ப்பை வருடாந்திர மொத்தச் சம்பளமாகக் கேட்பார்கள். கிடைத்தால் போதும் என்று குறைத்துச் சொல்வதுதான் இங்கே பெரிய கண்ணி. ப்ளூ கார்டுக்கு 2026-இல் குறைந்தது 50,700 யூரோ வேண்டும். தட்டுப்பாடு உள்ள தொழில்களுக்கும், பட்டம் வாங்கி மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களுக்கும் 45,934.20. இதற்குக் கீழே எழுதினால் ப்ளூ கார்டை நீங்களே விட்டுக்கொடுத்ததாகும். சாதாரணத் தொழில்வல்லுநர் அனுமதி அப்போதும் கிடைக்கலாம், ஆனால் அந்த வேலைக்கு உள்ளூர்க்காரருக்குத் தரும் சம்பளத்தைவிடக் குறைவென்றால் அரசு வேலைவாய்ப்புத் துறை ஒப்புதல் தராது.

தேடுவதற்கு ஸ்டெப்ஸ்டோன், லிங்க்ட்இன் தவிர அரசு வேலைவாய்ப்புத் துறையின் சொந்தத் தளத்தையும் தவறாமல் பாருங்கள். பெர்லினையும் மியூனிக்கையும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் லாபமில்லை. வாடகை அங்கேதான் அதிகம், ஆங்கிலம் மட்டும் தெரிந்த போட்டியாளர்களும் அங்கேதான் குவிகிறார்கள். பெயர் கேள்விப்படாத ஊரில் 200 பேர் வேலை செய்யும் இயந்திரக் கம்பெனி பி1 கேட்கும், ஆனால் விண்ணப்பிப்பவர்கள் குறைவு.

இறங்கிய பிறகு

குடியேறிய 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் ஆன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் இது நடக்காது. பல குறுகிய கால வாடகை அறைகளில் அதைத் தர மறுப்பார்கள். முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிந்த சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். கதவிலும் தபால் பெட்டியிலும் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். வெளிநாட்டில் இருப்பதாகவும் பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் சொல்லும் வீட்டுக்காரர் ஏமாற்றுக்காரர்தான், விதிவிலக்கே கிடையாது.

வாரம் 20 மணி நேரம் எந்த வேலையும் செய்யலாம். துறை சார்ந்த கம்பெனியில் இரண்டு வாரம் வரை சோதனை வேலையும் செய்து காட்டலாம். இரண்டாவதை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை; இன்டர்வியூவில் தயங்கும் முதலாளியிடம் நீங்களாகவே சொல்லுங்கள். குறைந்தபட்சக் கூலி 2026-இல் மணிக்கு 13.90 யூரோ. மாதம் 603 யூரோவைத் தாண்டாத மினிஜாப்பில் அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்காது, நீங்கள் எடுத்து வந்த தனியார் காப்பீட்டையே தொடர வேண்டும். அதைத் தாண்டினால் அரசுக் காப்பீட்டுக்குள் வந்துவிடுவீர்கள். எனவே இரவல் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்வதைவிட, 20 மணி நேரத்துக்கு ஒரே இடத்தில் ஒப்பந்தம் போடுவது மேல்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் முழுநேரம் வேலையில் சேர முடியாது. கார்டு முடியும் முன் புது அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டால் தங்கலாம், ஆனால் புது அனுமதி வரும் வரை பழைய 20 மணி நேர வரம்பே செல்லும். அதனால் ஒப்பந்தத்தில் சேரும் தேதியை ஆறேழு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், "வேலை அனுமதி கிடைத்ததும்" என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் பாதுகாப்பு. அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல், கையெழுத்தான அன்றே ஒப்பந்தம், அனாபின் பக்கங்கள், கம்பெனி நிரப்பிய வேலை விவரப் படிவம் மூன்றையும் அலுவலகத்தின் ஆன்லைன் பக்கத்திலோ ஈமெயிலிலோ அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.