அன்மெட் டிபென்டன்சீஸ்: உபுண்டுவில் சிக்கிக்கொண்ட பேக்கேஜ்களை விடுவிப்பது எப்படி?

உபுண்டு, மின்ட், டெபியன் எதை வைத்திருந்தாலும் என்றைக்காவது ஒருநாள் இந்தச் செய்தி வந்தே தீரும்: "தி ஃபாலோயிங் பேக்கேஜஸ் ஹேவ் அன்மெட் டிபென்டன்சீஸ்". அதாவது, ஒரு மென்பொருள் பேக்கேஜ் இயங்கத் தேவையான மற்ற பேக்கேஜ்கள் (டிபென்டன்சிகள்) சரியாக அமையவில்லை. இணையத்தில் தேடினால் ஏதாவது ஒரு --ஃபோர்ஸ் கட்டளையை அப்படியே ஒட்டச் சொல்வார்கள். வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு பேக்கேஜ் பொருந்தாத வெர்ஷனில் உட்கார்ந்திருக்கும், அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அண்மையில் என் கணினியில் வீடியோ லைப்ரரி ஒன்று இப்படித்தான் அடம்பிடித்தது. அதைச் சரிசெய்த வழியை எழுதுகிறேன்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோடு, சாய்கோடு, எண்கள் எல்லாம் இங்கே உள்ளபடியே. இவற்றில் வரும் ஆப்ட், பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி. டிபிகேஜி அதற்கு அடியில் வேலை செய்வது.

முதலில் சில்லறை வேலை

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

நிறுவும்போது மின்சாரம் போய்விட்டது, நடுவில் யாரோ கணினியை அணைத்துவிட்டார்கள் என்பது போன்ற கேஸ்களுக்கு இந்த மூன்றே போதும். முதல் கட்டளை பாதியில் நின்ற பேக்கேஜ்களை அமைத்து முடிக்கும். மூன்றாவது, விட்டுப்போன டிபென்டன்சிகளை இறக்கிக்கொண்டுவரும். டிஸ்க் நிறைந்திருந்தால் மூன்றும் பல்லிளிக்கும், அதனால் 'டிஎஃப் -ஹெச்' போட்டு /பூட் பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய கெர்னல்கள் அங்கே குவிந்து கிடக்கும்.

'லாக்' பிடித்திருக்கிறது என்று செய்தி வந்தால் பொறுமையாக இருங்கள். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். லாக் ஃபைலை அழிக்கச் சொல்கிற பதிவுகளை நம்பவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் குறுக்கே இன்னொன்று புகுந்தால் பேக்கேஜ் தரவுத்தளமே கெட்டுப்போகலாம்.

செய்தியின் வாலைப் படியுங்கள்

மேலே உள்ளவை வேலைக்கு ஆகவில்லையா? எந்த பேக்கேஜ் நிறுவ மறுத்ததோ அதையே மறுபடி நிறுவச் சொல்லி, வருகிற செய்தியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அது மூன்று விதமாக வரும்.

"நாட் இன்ஸ்டாலபிள்" என்று முடிந்தால் அந்தப் பெயரில் எந்த ரெப்போவிலும் (பேக்கேஜ்கள் இறங்கிவரும் இணையக் களஞ்சியம்) எதுவும் இல்லை. யூனிவர்ஸ் ரெப்போ அணைந்திருக்கலாம், அல்லது வேறு உபுண்டு வெர்ஷனுக்கான டெப் ஃபைலை (தனியாகக் கிடைக்கும் பேக்கேஜ் கோப்பு) இறக்கியிருப்பீர்கள்.

"இன்ன வெர்ஷன் இஸ் டு பி இன்ஸ்டால்டு" என்றால் வெர்ஷன் மோதல். கேட்பது ஒன்று, இருப்பது வேறொன்று.

மூன்றாவதுதான் எரிச்சல்: "இட் இஸ் நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்டு". ஏன் என்று சொல்லாது. காரணம் இன்னும் ஒரு படி கீழே இருக்கிறது என்பதுதான் இதற்கு அர்த்தம். எந்தப் பெயரைச் சொல்லி இப்படி முடிகிறதோ அதையே ஆப்ட் இன்ஸ்டாலில் கொடுங்கள். அது இன்னொரு பெயரைக் காட்டும், அதையும் கொடுங்கள். நூலைப் பிடித்து இறங்குவதுபோல இறங்கினால் கடைசியில் முதல் இரண்டு வகையில் ஒன்றுக்கு வந்து நிற்பீர்கள்.

கூடவே "யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்" என்றும் ஒரு வரி வரும். அதை நம்பி, நாம் எதையோ ஹோல்டில் போட்டுவிட்டோம் (வெர்ஷன் மாறாமல் பூட்டிவிட்டோம்) என்று தேடி அலையாதீர்கள். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' போட்டால் பெரும்பாலும் வெறுமையாகத்தான் வரும்.

ஆப்ட் பாலிசி: நான் நெடுநேரம் மாட்டிக்கொண்ட இடம்

எனக்கு வேண்டியிருந்தது லிப்ஏவிகோடெக்-டெவ், அதாவது அந்த வீடியோ லைப்ரரியை வைத்து மென்பொருள் உருவாக்கத் தேவையான பேக்கேஜ். டெவ் பேக்கேஜ்கள் பொதுவாக தங்கள் லைப்ரரியின் வெர்ஷனை '=' போட்டு அச்சுப் பிசகாமல் கேட்கும். உபுண்டு 22.04-இல் அது கேட்பது 7:4.4.2 வரிசை. என்னிடம் இருந்ததோ அதைவிடப் புதியது. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க:

ஆப்ட் பாலிசி லிப்ஏவிகோடெக்58

'இன்ஸ்டால்டு' (இப்போது இருப்பது), 'கேண்டிடேட்' (ஆப்ட் நிறுவத் தேர்ந்தெடுப்பது) இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. அப்படியானால் எல்லாம் சரிதானே என்று தோன்றும். பார்க்க வேண்டியது கீழே உள்ள பட்டியலை. மூன்று நட்சத்திரம் போட்டிருப்பது இப்போது கணினியில் உள்ள வெர்ஷன். அதன் அடியில் ரெப்போவின் முகவரி இருக்க வேண்டும். என்னுடையதில் இருந்தது ஒரே வரி: 100 /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ். அதாவது, இந்த வெர்ஷன் கணினியில் இருக்கிறது, ஆனால் இப்போது இயங்கும் எந்த ரெப்போவிலும் இல்லை. அநாதை. எப்போதோ சேர்த்த பிபிஏ (உபுண்டுவின் சொந்த ரெப்போ அல்லாத வெளி ரெப்போ) ஒன்றிலிருந்து வந்தது. உபுண்டுவை அடுத்த வெர்ஷனுக்கு உயர்த்தும்போது வெளி ரெப்போக்கள் அணைக்கப்படும். அவை தந்துவிட்டுப்போன பேக்கேஜ்கள் மட்டும் அப்படியே தங்கிவிடும்.

சரி, உபுண்டுவின் ரெப்போவில் சரியான வெர்ஷன் இருக்கும்போது ஆப்ட் ஏன் அதற்கு மாறவில்லை? ஆப்ட் தானாக எதையும் பழைய வெர்ஷனுக்கு இறக்காது. ரெப்போக்களுக்கு வழக்கமான முன்னுரிமை எண் 500. இறக்க வேண்டுமானால் அந்த எண் குறைந்தது 1000 ஆக இருக்க வேண்டும். அதனால் நாம்தான் கைப்பட இறக்கியாக வேண்டும்.

இப்படி அநாதையாக வேறென்ன கிடக்கிறது என்று பார்க்க:

ஆப்ட் லிஸ்ட் --இன்ஸ்டால்டு | கிரெப் ,லோக்கல்

லோக்கலுக்கு முன்னால் உள்ள காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள். விட்டால் 'லோக்கேல்ஸ்' என்ற அப்பாவி பேக்கேஜும் பட்டியலில் வந்து குழப்பும்.

வெர்ஷனை இறக்குவது

பிபிஏ இன்னும் இயக்கத்தில் இருந்தால் 'பிபிஏ-பர்ஜ்' என்ற கருவியே போதும். அது பிபிஏவை அணைத்து, அதிலிருந்து வந்தவற்றை உபுண்டுவின் சொந்த வெர்ஷனுக்குத் திருப்பிவிடும். என்னைப்போல பிபிஏ ஏற்கெனவே அணைந்துபோயிருந்தால் பெயருடன் '=' போட்டு வெர்ஷனைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் -எஸ் போட்டு ஒத்திகை பாருங்கள், எதுவும் மாறாது:

சூடோ ஆப்ட் -எஸ் இன்ஸ்டால் லிப்ஏவிகோடெக்58=7:4.4.2-0உபுண்டு0.22.04.1

இதுவும் மறுத்தது. லிப்ஏவியூடில்56, லிப்ஸ்வரீசாம்பிள்3 இரண்டும் இதோடு ஒரே மூலத்திலிருந்து உருவாகிறவை, ஒன்றையொன்று '=' போட்டுக் கட்டிக்கொண்டவை. தனித்தனியாக இறக்க முடியாது. மூன்றையும் ஒரே கட்டளையில், மூன்றுக்கும் அதே வெர்ஷன் எண்ணுடன் கொடுத்ததும் ஒத்திகை சுத்தமாக ஓடியது. எண்ணைக் கையால் தட்டாமல் பாலிசி பட்டியலிலிருந்து நகலெடுங்கள். முன்னால் உள்ள '7:' என்பதும் வெர்ஷனின் பகுதிதான்.

ஒத்திகையில் "வில் பி ரிமூவ்டு" என்ற பகுதியை வரிவரியாகப் படியுங்கள். க்னோம்-ஷெல், ஜிடிஎம்3 மாதிரி டெஸ்க்டாப்புக்கே அடிப்படையான பெயர்கள் அங்கே தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். 2021-இல் பிரபல யூடியூபர் ஒருவர் உபுண்டுவை ஒட்டிய பாப் ஓஎஸ்ஸில், ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப்போய், "யெஸ், டூ ஆஸ் ஐ சே!" என்று தட்டி டெஸ்க்டாப்பையே இழந்தார். அத்தனை பெரிய எச்சரிக்கையும் திரையில்தான் இருந்தது.

ஒத்திகை சரியாக இருந்தால் -எஸ்ஸை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

கருவிகள் பற்றி என் கட்சி

சினாப்டிக் என்ற வரைகலைக் கருவியில் 'ஃபிக்ஸ் புரோக்கன் பேக்கேஜஸ்' என்று ஒரு மெனு உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று புரியாததால் எனக்குப் பிடிப்பதில்லை. நான் ஆப்டிட்யூட் என்ற டெர்மினல் கருவியின் பக்கம். மோதல் வந்தால் அது தீர்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். பிடிக்காவிட்டால் 'என்' தட்டினால் அடுத்தது வரும். முதல் தீர்வு பல நேரம் "எதையும் நிறுவாதே" என்பதாகவே இருக்கும், அசராமல் 'என்' தட்டுங்கள். ஒரே சிக்கல், அது உபுண்டுவில் முன்கூட்டியே இருக்காது. ஆப்ட் உடைந்த பிறகு அதை நிறுவுவது பெரும்பாடு. இன்றைக்கே நிறுவி வைத்துவிடுங்கள்.

டெப் ஃபைலை 'டிபிகேஜி -ஐ' போட்டு நிறுவும் பழக்கத்தையும் விடுங்கள். அது டிபென்டன்சிகளை இறக்கித் தராது. ஃபைல் பெயருக்கு முன் ./ சேர்த்து 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று கொடுத்தால் தேவையானதைத் தானே கொண்டுவந்துவிடும்.

பிற்சேர்க்கை

"கெப்ட் பேக்" (அப்டேட் ஆகாமல் நிறுத்திவைக்கப்பட்டவை) என்று வருவதையும் கோளாறு என்று நினைத்துச் சிலர் கேட்டிருந்தார்கள். உபுண்டு 21.04 முதல் ஆப்ட் சில அப்டேட்களை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தராமல் கட்டம் கட்டமாகத் தருகிறது. "டிஃபர்டு டியூ டு ஃபேசிங்" என்று பக்கத்தில் இருந்தால் உங்கள் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். விட்டுவிடுங்கள்.

32 பிட் லைப்ரரி நிறுவும்போது லிப்சி6-இல் மோதுகிறது என்று இன்னொருவர் கேட்டார். ஐ386 (32 பிட்), ஏஎம்டி64 (64 பிட்) இரண்டு லிப்சி6-உம் ஒரே வெர்ஷனில் இருந்தாக வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியே பாலிசி போட்டுப் பாருங்கள். 64 பிட் பதிப்பு மட்டும் முன்னே போயிருந்தால் மேலே சொன்ன அதே வைத்தியம்தான். ஆனால் லிப்சி6 மேல் கணினி முழுவதும் நிற்கிறது, அதனால் ஒத்திகை பார்க்காமல் எண்டர் தட்டாதீர்கள்.