ஐப்பசியில் தூண்டிலோடு ஆற்றுக்கு: முதல் முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலும் நார்வேயிலும் சால்மன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தூண்டில் வாங்குகிற இளைஞர்கள் நம் குமரி மாவட்டத்தில் கூடிக்கொண்டே வருகிறார்கள். நல்லதுதான். செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாள் ஆற்றங்கரையில் உட்காரட்டும். ஆனால் அந்த வீடியோவில் சொன்ன திட்டத்தை அப்படியே குழித்துறை ஆற்றுக்குக் கொண்டுவருவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

குளிர்நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் சால்மன் கடலை விட்டு ஆறேறும். பிறந்த ஆற்றின் மேல்பகுதிக்குப் போய்த்தான் முட்டையிடும். பசிபிக் சால்மன் வகைகளில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் அங்கேயே செத்துப்போகும். ஆறேறும் வழியில் அது இரை தேடுவதில்லை என்பதால், பளிச்சென்ற நிறத்தில் ஏதாவது ஒன்றை முகத்துக்கு முன்னால் ஆட்டி அதைக் கடிக்கவைக்கிறார்கள். நம் ஊர்க் கதை இதற்கு நேர் எதிர். இங்கே புதிதாகத் தூண்டில் எடுத்தவர் எல்லாரும் கனவு காண்கிற கொடுவா, ஆற்றிலும் உப்பங்கழியிலும் வளர்ந்து, முட்டையிட உப்புத்தண்ணீரைத் தேடி, ஆறு கடலில் சேருகிற பொழியை நோக்கி இறங்குகிற மீன். இறாலையும் மடவைக் குஞ்சையும் விடாமல் வேட்டையாடும். ஆகவே ஐப்பசியில் "மீன் மேலே ஏறும், மலையடிவாரத்துக்குப் போவோம்" என்று திற்பரப்புப் பக்கம் வண்டியை விடுகிறவர் கொடுவாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். புதுக்கடை தாண்டித் தேங்காய்ப்பட்டணம் பக்கம் போக வேண்டும். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பளபள பிளாஸ்டிக் மீனைவிட உயிருள்ள ஒரு இறால் அங்கே நன்றாக வேலை செய்யும்.

அந்த வீடியோக்களில் மார்பு வரை ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கி நிற்பார்கள். அது பனிக்குளிர்த் தண்ணீருக்கான உடுப்பு. நம் ஆற்றில் அதற்கு வேலையே இல்லை. கால் வழுக்கி விழுந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து எழும்பவும் விடாது. கரையில் நின்றே போடுங்கள்.

மீனைப் பார்க்கிறார்கள், அணையைப் பார்ப்பதில்லை

என்னைக் கேட்டால் உயிரோடு விளையாடுகிற தவறு இதுதான். மற்றதெல்லாம் பணத்தோடும் நேரத்தோடும் போய்விடும்.

"ஐப்பசி அடைமழை" என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் புறப்படும் காலையில் போனைத் திறந்து மார்த்தாண்டத்தில் வெயில் என்று பார்த்ததும் மனசு சமாதானமாகிவிடுகிறது. ஆற்றில் வரும் தண்ணீர் மார்த்தாண்டத்தில் பெய்த மழையல்ல. பாலமோர், கோதையாறு மலைகளில் முந்தின நாள் பெய்தது. கோதையாற்றில் பேச்சிப்பாறை அணை, பரளியாற்றில் பெருஞ்சாணி அணை, அவற்றோடு இரண்டு சிற்றாறு அணைகள். கோதையாறும் பரளியாறும் திருவட்டார் பக்கம் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை ஆறு என்று நாம் சொல்கிற குமரித் தாமிரபரணியாகி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகிறது. பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணியின் முழு நீர்மட்டம் 77 அடி. மழைக்காலத்தில் இரண்டும் நிறையும். நிறைந்தால் உபரிநீரைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்த தண்ணீர் கீழே வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால், கண்ணுக்குச் சாதுவாகத் தெரிகிற ஆறு மதியத்துக்குள் வேறு ஆறாகிவிடலாம். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அணை நீர்மட்டம் தினமும் செய்தித்தாளில் வருகிறது. முதல் நாள் அளவையும் அன்றைய அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பேச்சிப்பாறை 48 அடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, மலையில் மழையும் நிற்கவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. கோதையாற்றில் இருக்கிற திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே குளிக்கக் கூடாத தண்ணீர்தான் கொஞ்ச நேரத்தில் உங்கள் காலடிக்கு வரப்போகிறது.

தடுப்பணைகளுக்குக் கீழே மீன் கூடும் என்பது உண்மை. அந்த ஆசையில்தான் குழித்துறை சப்பாத்து (தண்ணீர் மேலே வழிகிற தாழ்ந்த தடுப்பு) மாதிரி இடங்களில் தண்ணீர் வழியும்போது நடுவில் போய் நிற்கிறார்கள். பாசி பிடித்த கான்கிரீட்டில் கணுக்கால் அளவு வேகத் தண்ணீர் போதும், ஆளைத் தள்ளிவிட. கீழே விழுகிற தண்ணீர் சுருண்டு திரும்பி அணையின் அடிக்கே இழுக்கும். நீச்சல் தெரிந்தவனுக்கும் அதில் வேலை இல்லை. போதாததற்கு, மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றுக்குள் எங்கே கிடக்கின்றன என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தக் கரையில் குளித்து வளர்ந்தவர்களிடம்தான் அந்தக் கணக்கு இருக்கும். "அண்ணே, இங்க கயம் எங்க கிடக்கு?" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். "மக்கா, அந்தப் பக்கம் போவாதே" என்று ஒருவர் சொன்னால், மறுபேச்சு இல்லாமல் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.

கடிகாரத்தை வைத்துத் திட்டம் போடுவது

"காலை ஆறு மணிக்குப் போனால் மீன் கடிக்கும்" என்பது பாதி உண்மை. பொழிமுகத்தில் கடிகாரத்தைவிட, கடல்நீர் ஏறி இறங்குகிற ஏற்றமும் வற்றமும்தான் பேசும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். போன ஞாயிறு ஏழு மணிக்கு நன்றாக மீன் கிடைத்த இடத்தில் இந்த ஞாயிறு ஏழு மணிக்குத் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும். நம் கரையில் அப்போதும் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், தண்ணீர் நகர்வதற்கு அது போதும். நகர்கிற தண்ணீரில்தான் இறாலும் குஞ்சுமீனும் அடித்துவரப்படும், அதைத் தின்னப் பெரிய மீன் வந்து நிற்கும். தண்ணீர் அசையாமல் நிற்கும் இடைவேளையில் டீக்கடைக்குப் போய் வாருங்கள்.

கலங்கல் தண்ணீரும் ஆரம்பக்காரர்களை ஏமாற்றும். பெருமழை பெய்த மறுநாள் ஆறு தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போகும்போது கொடுவாவுக்குக் கண் தெரியாது. கழி முழுக்க நன்னீராகிவிடும். தூண்டிலில் சருகும் ரப்பர் இலையும்தான் மாட்டும். மழை விட்டு மூன்று நான்கு நாள் கழித்துத் தண்ணீர் தெளிய ஆரம்பிக்கும் சமயமே நல்ல சமயம். லீவு முடிந்துவிடுமே என்றால், என்ன செய்ய, ஆற்றுக்கு நம் லீவு தெரியாது. கடல்நீர் மேலே ஏறாமலிருக்கப் பரக்காணியில் கட்டிய தடுப்பணையையும் கணக்கில் எடுங்கள். அதற்குக் கீழே கிடைக்கிற மீனும் மேலே கிடைக்கிற மீனும் ஒன்றாக இராது.

ஐப்பசியில் இடி பெரும்பாலும் பிற்பகலில்தான் கூடும். இன்று கடையில் விற்கிற தூண்டில் கம்புகள் பல கார்பன் கலந்தவை, மின்சாரம் அதில் பாயும். முழங்குகிற சத்தம் காதில் விழுந்ததுமே கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். தென்னை மரத்தடி ஒதுங்குமிடம் அல்ல. கம்பை நிமிர்த்திப் பிடித்து மின்கம்பிக்கு அடியில் நடப்பதும் அதே ஆபத்துதான். மொத்தத்தில், விடிகாலை போய் மதியத்துக்குள் திரும்புகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

பொழியில் கடைசியாக ஒரு எச்சரிக்கை. துறைமுக அலைத்தடுப்புப் பாறைகளின் நுனியில் போய் நிற்காதீர்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே தூரத்துக் கடலில் எழுந்த அலை இங்கே வந்து ஏறும். அதுதான் கள்ளக்கடல். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படிப்பட்ட கொந்தளிப்பில்தான். கடல்சார் எச்சரிக்கை வந்திருக்கும் நாளில் ஆற்றின் உள்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தெரிந்த இடமெல்லாம் தூண்டில் போடுவது

ஆற்றுத் தண்ணீர் பொதுச் சொத்துதானே என்று நினைத்துக் கேட்காமல் இறங்குகிறார்கள். மேல்கோதையாறும் அணைகளைச் சுற்றிய காடுகளும் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி; அங்கே தூண்டிலோடு போனால் வனத்துறை வழக்குப் போடும். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைத் தலங்கள், மணக்குடி வரைக்கும் பாதுகாப்புப் பகுதி நீள்கிறது. மணக்குடியில் கடலில் சேரும் பழையாற்றுப் பொழியில் ஆசைப்படுகிறவர் முதலில் வனத்துறையிடம் எந்த இடம் வரை அனுமதி என்று கேட்டுவிட்டுப் போகட்டும். ஊர்க் குளங்கள் பெரும்பாலும் மீன்பாசிக் குத்தகைக்குப் போனவை. குத்தகைக்காரர் காசு போட்டுக் குஞ்சு விட்டு வளர்த்த மீனை நீங்கள் பிடித்தால் அது பொழுதுபோக்கு ஆகாது. பொழியில் வலை போடுகிறவர்களுக்கு அதுதான் பிழைப்பு. அவர்கள் வலைக்குக் குறுக்கே தூண்டில் எறிந்துவிட்டு வாக்குவாதம் செய்யாதீர்கள். நஞ்சு கலக்குவதும் வெடி போடுவதும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம்.

சாமான்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதிகப் பணம் போவது இதில்தான். ஏழெட்டு அடிக் கம்பு, சாதாரண ரீல், பத்துக் கிலோ தாங்கும் தங்கூசி (நைலான்) நரம்பு: ஆரம்பத்துக்கு இது போதும். கொடுவாவுக்குப் போகிறீர்கள் என்றால் முள்ளுக்கு மேலே இரண்டடி நீளம் தடித்த நரம்பு கட்டுங்கள். அதன் செவுள் மூடி கத்தி மாதிரி, மெல்லிய நரம்பை உரசியே அறுத்துவிடும். கரிமீனுக்கு எதிர்ப்புறம்: வாய் சின்னது, சின்ன முள்ளும் மண்புழுவோ மாவுருண்டையோ வேண்டும். முள் வாங்கும்போது நம்பரில் பலர் குழம்புகிறார்கள். பத்தாம் நம்பர் முள் நாலாம் நம்பரைவிடச் சின்னது. ஒன்றைத் தாண்டி 1/0, 2/0 என்று போனால் வரிசை திரும்பி, எண் கூடக்கூட முள் பெரிதாகும். இது தெரியாமல் கரிமீனுக்குக் கொடுவா முள் வாங்கிவந்து, "இங்க மீனே இல்ல" என்று ஆற்றைத் திட்டுகிறவர்கள் நிறைய.

கெளுத்தியைக் கையால் பிடிக்காதீர்கள். முதுகிலும் இருபக்கமும் உள்ள முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் கை தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது வைத்திருந்தால் வலி தணியும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயத்தைக் காட்டி, டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். காலில் புண்ணோடு வெள்ளத் தண்ணீரில் நிற்பதும் வேண்டாம். எலிக்காய்ச்சல் புண் வழியாக எளிதில் ஏறும். ஆற்றுக்குப் போய்வந்த சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பிடித்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு வருவது பற்றி. கொடுவா ஆணாக முதிர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். ஆக, பெரிய கொடுவா என்றாலே பெரும்பாலும் முட்டையுள்ள தாய்தான். போட்டோ எடுத்துவிட்டு அதை விட்டுவிட்டு, நடுத்தர மீனைக் கறிக்கு வையுங்கள் என்பது என் கட்சி. விரால் குஞ்சுகள் சிவப்புத் திரளாகத் தண்ணீர் மேலே வந்துபோகும் இடத்தில் தூண்டில் போடவே வேண்டாம். அடியில் காவல் நிற்கிற தாய்தகப்பனைப் பிடித்தால் அந்தத் திரள் முழுக்க மற்ற மீனுக்கு இரையாகும். விடுகிற மீனை ஈரக் கையால் பிடித்து, தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்ற வேண்டும். எடுத்துக்கொள்ளும் மீனுக்கு ஐஸ் முக்கியம். பிளாஸ்டிக் கவரில் கட்டி வண்டி ஹாண்டிலில் தொங்கவிட்டால் வீடு வருவதற்குள் வயிறு வெடித்துவிடும். துறைமுகப் பக்கம் ஐஸ் கிடைக்கும். மீன் பிடித்த பிறகு தேடாமல், போகும்போதே பெட்டியில் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.