புனிதர்களைப் பின்பற்றுவது எப்படி: ஒரு செயலிலிருந்து தொடங்குங்கள்

பக்கவாதம் வந்து அப்பா படுக்கையில் விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பேச்சு குழறுவதால், ஏதாவது வேண்டுமென்றால் மோதிர விரலால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். டக், டக், டக். காலையில் திருப்பலிக்குப் போய் நற்கருணை வாங்கிவிட்டு வந்த அதே நாளில், அந்தச் சத்தத்துக்கு "இப்ப என்னப்பா?" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். கோவிலில் இருந்த நானும் கட்டிலருகே நின்ற நானும் வேறு வேறு ஆளாக இருந்தோம். அந்த இடைவெளியைக் குறைக்க எனக்கு உதவிய வழியைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு புனிதரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பெயர்கொண்டவராகவோ பெரிய அற்புதங்கள் செய்தவராகவோ இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இருக்கும் சிக்கல் அவருக்கும் இருந்ததா என்று மட்டும் பாருங்கள். எனக்குக் கிடைத்தவர் சிறுமலர் தெரேசா. 1888-ல், 15 வயதில், பிரான்சின் லிசியே நகரிலுள்ள கார்மேல் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். 1897-ல், 24 வயதில், காசநோயால் இறந்தார். அந்த மடத்தில் தனியாக நடக்க முடியாத, எளிதில் திருப்தி அடையாத ஒரு வயதான சகோதரி இருந்தார். தினமும் மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவரை உணவறைக்கு அழைத்துப் போக வேண்டும். தெரேசா தானாகவே அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நேரமானதும் அந்தச் சகோதரி தன் மணல் கடிகாரத்தை ஆட்டுவார். 'கிளம்பலாம்' என்று அர்த்தம். வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார்; மெதுவாக நடந்தால் உன் கை தெரியவில்லை, விட்டுவிட்டாய் என்பார். இதைப் படித்தபோது என் காதில் கேட்டது கட்டில் சட்டம்தான்.

தேர்ந்தெடுத்த பிறகு அவருடைய கடுந்தவங்களை அப்படியே செய்யப் போகாதீர்கள். 1521-ல் ஸ்பெயினின் பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து கிடந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், புனிதர்களின் வரலாறுகளைப் படித்துவிட்டு, அசிசி நகர பிரான்சிஸ் செய்ததை நானும் செய்தால் என்ன என்று நினைத்தார். அந்த வேகத்தில் மன்ரேசா என்ற ஊரில் பட்டினியும் விழிப்புமாக இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் மற்றவர்களுக்கு எதிலும் அளவோடு இருக்கச் சொன்னவரும் அவரேதான்.

புனிதரிடமிருந்து ஒரே ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். 'பொறுமையாக இருப்பேன்' என்பது செயல் அல்ல. இரவில் அதைச் சரிபார்க்க வழியில்லை. என் செயல் இது: அப்பா தட்டினால், அறைக்குள் போய் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பேன். தூரத்திலிருந்து குரல் கொடுக்க மாட்டேன். அவ்வளவுதான்.

காலையில் எழுந்ததும் இரண்டு நிமிடம் அன்றைய நாளை முன்கூட்டியே பாருங்கள். இது ஆயராக இருந்த புனிதர் பிரான்சிஸ் சலேசியார் 1609-ல் இல்லறத்தாருக்காக எழுதிய அறிவுரை: இன்று யாரைச் சந்திப்பேன், எங்கே கோபம் வரும் என்று யோசித்து, அந்த இடத்துக்கான அருளை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். எனக்கு ஆபத்தான நேரம் அலுவலகத்துக்குக் கிளம்பும் கடைசிப் பதினைந்து நிமிடம். செபத்தில் அதையே சொல்கிறேன்: "ஆண்டவரே, நான் கிளம்புகிற நேரத்தில் அப்பா தட்டுவார். அப்போது கூட இரும்."

பகலில் தவறினால் என்ன செய்வது? இஞ்ஞாசியார் சொல்லும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. தவறிய அந்த நொடியிலேயே கையை நெஞ்சில் வையுங்கள். நாலு பேர் நடுவில்கூட யாருக்கும் தெரியாமல் இதைச் செய்யலாம். ஒரு காகிதத்தில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு போடுங்கள்: காலையிலிருந்து மதியம் வரை ஒன்று, மதியத்திலிருந்து இரவு வரை ஒன்று. ஒவ்வொரு தவறுக்கும் கோட்டில் ஒரு புள்ளி. இரண்டாம் கோட்டை முதல் கோட்டோடும், இன்றை நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். என் முதல் நாளில் பதினொரு புள்ளிகள். நான் என்னைப் பற்றி நினைத்திருந்ததைவிட அந்தக் காகிதம் உண்மையாக இருந்தது.

புள்ளிகளைப் பார்த்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். நம் குறைகளிடமும் சாந்தமாக இருக்கச் சொல்கிறார் சலேசியார். தன்மேலேயே எரிச்சல் படுகிறவன் அடுத்தவர்மேலும் படுவான் என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். ஆனால் காயப்படுத்தியவரிடம் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், போதும் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். "அப்பா, காலையில கத்திட்டேன், மன்னிச்சிடுங்க" என்று முதன்முறை சொன்னபோது, அவர் என் கையைப் பிடித்து, விரலால் மூன்று முறை மெதுவாகத் தட்டினார்.

அடுத்த செயலை எப்போது எடுப்பது என்று நீங்கள் தேட வேண்டாம். முதல் செயலே காட்டும். தெரேசா அந்தச் சகோதரியை உட்கார வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான், ரொட்டியை வெட்ட அவர் சிரமப்படுவதைக் கவனித்தார். அன்றிலிருந்து அதையும் வெட்டிக் கொடுத்து, புன்னகைத்துவிட்டுத்தான் கிளம்புவார். நானும் அறைக்குள் போய் முகத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, அப்பாவின் சட்டையில் மேல் பொத்தான் எப்போதும் போடாமலே இருக்கிறது. ஒரு கையால் அவருக்கு அது எட்டவில்லை. அவர் அதற்காக ஒரு நாளும் தட்டியதில்லை.

இந்த வாரக் காகிதத்தில், கோடுகளுக்கு மேலே 'பொத்தான்' என்று எழுதியிருக்கிறேன்.