சாண்டா குரூஸ் மலைநடை: இரண்டு பேர், இரண்டு பை, ஒரு தலைவலி

பெருவின் கார்டியேரா பிளாங்கா மலைத்தொடரில் (ஓய்வு நாள் சேர்க்காமல்) நாலு நாள் நடை, சுமார் 50 கிலோமீட்டர், நடுவில் 4,750 மீட்டரில் புண்டா யூனியன் கணவாய். வழிகாட்டி, கழுதை எதுவும் இல்லாமல் நானும் வீட்டுக்காரரும் நடந்து முடித்தோம். முதல் முயற்சியில் இல்லை, இரண்டாவதில். விசா, விமானச் சமாச்சாரமெல்லாம் நிறைய பேர் எழுதியாயிற்று. நான் நேரே லிமாவில், இந்த மலைகளுக்கு அடித்தள ஊரான வாராஸுக்குப் போகும் பேருந்தில் ஏற்றிவிடுகிறேன்.

படி 1: வாராஸில் சும்மா இருங்கள்

லிமா கடலோரம். வாராஸ் 3,050 மீட்டர். எட்டு மணி நேரப் பேருந்து, வழியில் 4,000 மீட்டரைத் தாண்டித்தான் இறங்கும். அரைத்தூக்கத்தில் அது தெரியாது.

முதல் முறை நாங்கள் காலையில் இறங்கினோம், மறுநாள் விடியுமுன் லாகுனா 69-க்கு வேன் பிடித்தோம். அந்த ஏரி 4,600 மீட்டரில் இருக்கிறது. இவர் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர், நான் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள். கடைசி வளைவுகளில் இவர் முகம் வெளிறியிருந்தது. "ஏங்க, தலை வலிக்குதா?" என்றேன். "ஒண்ணுமில்ல, வெயில்" என்றார். ஏரியின் நீலத்தைப் படம் எடுத்தார். இறங்கும்போது பாறை ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார். எனக்கு லேசான கிறுகிறுப்பு, அவ்வளவுதான்.

உடம்பு உறுதிக்கும் உயரம் ஒத்துக்கொள்வதற்கும் சம்பந்தமே இல்லை. மலைநோய் (உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் தலைவலி, வாந்தி) யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. இரண்டாவது முறை செய்தது இது:

முதல் இரண்டு நாள் ஊருக்குள்ளேயே சந்தை, சூப், தூக்கம். மூன்றாம் நாள் வில்ககோச்சா ஏரி, 3,700 மீட்டர், ஏறி இறங்கி வாராஸிலேயே படுக்கை. நாலாம் நாள் ஓய்வு. ஐந்தாம் நாள்தான் லாகுனா 69. ஆறாம் நாள் மூட்டை கட்டுவது. ஏழாம் நாள் நடை.

ஒரு வாரம் வீணா என்று இவர் கேட்டார். 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. சாண்டா குரூஸின் முதல் முகாம் யமகொரல் 3,760-இல் இருக்கிறது, கணக்கை முதல் ராத்திரியே மீறுகிறோம். அதற்கான முன்பணம்தான் இந்த ஒரு வாரம்.

படி 2: "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள்

கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். எங்கள் வீட்டு ஏற்பாடு: ராத்திரி கூடாரத்துக்குள் போனதும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. தலைவலி, வயிறு, அசதி, தலைச்சுற்றல் நாலுக்கும் 0 முதல் 3 வரை மார்க். தனக்கும் போட வேண்டும், மற்றவருக்கும் போட வேண்டும், பிறகுதான் காட்டிக்கொள்வது. தலைவலியோடு மொத்தம் 3 வந்தால் அது மலைநோய் என்றே எடுத்துக்கொண்டு, மறுநாள் ஏறுவதில்லை. அப்படியும் குறையாவிட்டால் இறக்கம். இரண்டாம் ராத்திரி இவர் தனக்கு 1 போட்டிருந்தார், நான் அவருக்கு 3 போட்டிருந்தேன். தகராறு நடந்தது. மறுநாள் ஓய்வும் நடந்தது.

குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, சீட்டு, மார்க் எல்லாம் வேண்டாம். இருட்டானாலும் இறங்கிவிடுங்கள்.

*பிறகு சேர்த்தது:* மலைநோய் வராமலிருக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். இவர் மருத்துவர் சொன்னபடி 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கினார். விரல் நுனி ஊரும், சோடா சப்பென்று இருக்கும், ராத்திரி நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடவே கூடாது. கோகா இலைத் தேநீரும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை நம்பி மேலே போகாதீர்கள்.

படி 3: அடுப்பும் அவலும்

திருகி மாட்டும் கேஸ் டப்பா அடுப்புதான் என் கட்சி. பெட்ரோல் அடுப்பு குளிரில் நன்றாக எரியும் என்பார்கள். எரியும், கூடவே பையெல்லாம் நாறும். டப்பாவை விமானத்தில் விடமாட்டார்கள், வாராஸில் வாங்கிக்கொள்ளலாம். ராத்திரி அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள், இல்லாவிட்டால் காலையில் சுடர் அழுது வடியும். தண்ணீர் வடிகட்டிக்கும் அதே இடம்தான்: உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் ஒருமுறை உறைந்தால் அதன் கதை முடிந்தது. பள்ளத்தாக்கு முழுக்க மாடு மேய்வதால் வடிகட்டாமல் குடிக்க முடியாது.

அரிசி கொண்டுபோகாதீர்கள். தவுயிபம்பா முகாம் 4,250 மீட்டர், அங்கே தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். டப்பாவில் பாதி காலி, சோறு நறுக்நறுக்கென்று கடிபட்டது. அடுத்த தடவை கெட்டி அவலும் புளிக்காய்ச்சலும் எடுத்துப்போனேன். வெந்நீர் ஊற்றி மூடி, மூடிமேல் கம்பளித் தொப்பியைக் கவிழ்த்துவிட்டால் பத்து நிமிஷத்தில் சாப்பாடு.

கூடாரம் வாடகைக்கு எடுத்தால் கடை வாசலிலேயே விரித்துப் பார்த்துவிடுங்கள். எங்களுக்குத் தந்ததில் ஒரு கம்பு குறைந்தது. தெரிந்தது முகாமில்.

படி 4: எந்தப் பக்கமிருந்து?

பாதையின் ஒரு முனை கஷாபம்பா, மறுமுனை வக்கேரியா. கஷாபம்பாவிலிருந்து (2,900 மீட்டர்) தொடங்குங்கள். முதல் நாள் வெயிலில் செங்குத்தேற்றம், திட்டிக்கொண்டே ஏறுவீர்கள், ஆனால் உயரம் படிப்படியாகக் கூடும். வாராஸிலிருந்து கராஸுக்கு ஒரு வேன், அங்கிருந்து கஷாபம்பாவுக்கு இன்னொன்று. மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

இரண்டாம் நாள் பள்ளத்தாக்கில் திடீரென்று கடற்கரை மாதிரி மணல்வெளி வரும். வழி தவறிவிட்டோம் என்று நாங்கள் திரும்பி நடந்தோம். தவறவில்லை. 2012-இல் மேலே ஆர்ட்டிசோன் ஏரி உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் கொட்டிப்போன மணல் அது.

மூன்றாம் நாள் விடியலிலேயே கிளம்பி கணவாயைப் பிடியுங்கள். மதியத்துக்குமேல் மேகம் மூடினால் எதிரே நிற்கும் தவுயிராஹு சிகரம் தெரியாது. நாங்கள் பத்து மணிக்கு அங்கே இருந்தோம். இவர் படம் எடுக்கவில்லை, தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு "நிஜமாவே வலிக்கல" என்றார்.

*இன்னொன்று:* நாலாம் நாள் வக்கேரியாவில் வேன் கிடைக்காமல் மாட்டிக்கொண்டதாக ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள். அங்கே கால அட்டவணை என்று எதையும் நம்ப வேண்டாம். கடைசி முகாமான பரியாவிலிருந்து காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டால் மதியத்துக்குள் சாலைக்கு வந்துவிடலாம். வாராஸ் திரும்பும் வழியிலுள்ள யுங்காய் ஊருக்குப் போகிற வண்டி எதுவானாலும் ஏறிக்கொள்ளுங்கள், இடது ஜன்னலா வலது ஜன்னலா என்று பார்க்காதீர்கள்.