கனடா பி.ஆர். கைக்கு வரும் முன் எல்லை கடப்பவர்களுக்கு

கணவரோ மனைவியோ கனடாவில் இருக்க, அவர் வழியாக நிரந்தர வசிப்புரிமைக்கு (பி.ஆர்.) விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் பயணத்தை முழுவதுமாகத் தள்ளிப்போட யாராலும் முடிவதில்லை. இங்கே தங்கைக்கு வளைகாப்பு வரும், அங்கே துணைவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், அலுவலகம் ஒரு வாரம் சிங்கப்பூருக்குப் போய்வரச் சொல்லும். பயணம் செய்யலாமா என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தாளைக் காட்டித் திரும்பி வருவீர்கள்? புறப்படுவதற்கான தாள்களை எல்லோரும் பத்திரமாக எடுத்துவைக்கிறார்கள். சிக்கல் பெரும்பாலும் திரும்பும் வழியில்தான் காத்திருக்கிறது.

நம் செய்தித்தாள்களில் இதை ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது தவறு, பயணத்தில் இந்தத் தவறு செலவும் வைக்கும். பி.ஆர். கிடைத்த பிறகும் நீங்கள் இந்தியக் குடிமகனே, கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டே. சென்னையிலிருந்து கனடாவுக்குப் போகிறவர்கள் லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், தோஹா என்று எங்காவது விமானம் மாற வேண்டியிருக்கும். அங்கே இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு உரிய டிரான்ஸிட் விதிகளே உங்களுக்கும் பொருந்தும் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் அந்த நாட்டின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் எந்தப் பிரிவில் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றவை அமையும். கனடாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கான குடும்பப் பிரிவு ஒன்று. கனடாவுக்குள் துணைவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கான பிரிவு மற்றொன்று. வெளிப்பிரிவில் விண்ணப்பித்தவர் காத்திருக்கும் காலத்தில் சென்னையில் இருந்தாலும், கொழும்புக்குப் போய்வந்தாலும், அதனால் விண்ணப்பத்துக்குப் பாதிப்பு வராது; நிராகரிக்கப்பட்டால் ஸ்பான்சர், அதாவது உங்களுக்குப் பொறுப்பேற்று அழைக்கும் துணைவர், மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. உள்பிரிவின் அடிப்படையே கனடாவில் சேர்ந்து வசிப்பது என்பதால், இடையில் ஊருக்கு வந்தவருக்குத் திரும்ப நுழைய அனுமதி கிடைக்காமல் போனால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். அந்த மேல்முறையீட்டு உரிமையும் அங்கே இல்லை. கனடாவில் வசித்துக்கொண்டே வெளிப்பிரிவில் விண்ணப்பிக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வயதான பெற்றோர் இங்கே தனியாக இருந்து, எந்த நேரமும் ஓடிவர வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

ஸ்பான்சரின் பயணத்துக்கும் எல்லை உண்டு. அவர் கனடியக் குடிமகனாக இருந்தால், துணைவருக்கு பி.ஆர். கிடைத்ததும் கனடாவில் வசிக்கும் எண்ணத்தை நிரூபித்து, சென்னையில் இருந்தபடியே ஸ்பான்சர் செய்யலாம். அவரும் பி.ஆர். மட்டுமே என்றால் கனடாவில் வசிப்பவராக இருந்தாக வேண்டும். விடுமுறைக்கு வந்துபோவதில் தவறில்லை, ஆனால் மாதக்கணக்கில் இங்கேயே தங்கிவிடுவது விண்ணப்பத்தைப் பலவீனப்படுத்தும். இப்படி வந்துபோன ஒவ்வொரு பயணமும் உறவு உண்மையானது என்பதற்குச் சான்றாகவும் பயன்படும் என்பதால், போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

கனடாவில் வேலை அனுமதியோ படிப்பு அனுமதியோ வைத்திருப்பவர்கள், அதையே விசா என்று நினைத்துச் சென்னைக்கு வந்துவிடுகிறார்கள். அனுமதித் தாள் அங்கே தங்குவதற்கு உரியது. திரும்ப நுழைவதற்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா செல்லுபடியாக இருக்க வேண்டும். அது காலாவதியாகியிருந்தால், ஊருக்குக் கிளம்பும் முன் கனடாவிலிருந்தே புதிய விசாவுக்கு விண்ணப்பித்துவிடலாம். அமெரிக்காவுக்கு மட்டும் போய், அனுமதிக் காலம் முடிவதற்குள் நேராகத் திரும்புகிறவர்களுக்குப் புதிய கனடிய விசா தேவையில்லை என்ற விலக்கு உண்டு. அதை நம்பி இந்தியாவுக்கு வந்துவிடக் கூடாது. அனுமதி முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, அந்த விண்ணப்பத்தின் பலத்திலேயே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம், உள்ளே விட்டாலும் புதிய அனுமதி வரும் வரை வேலைக்குப் போக முடியாமல் ஆகலாம்.

சென்னையில் காத்திருப்பவர் துணைவரைப் பார்க்க விசிட்டர் விசா கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதே தற்காலிக வருகைக்குத் தடையல்ல என்று கனடியக் குடிவரவுச் சட்டத்தின் 22(2)ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் அனுமதித்த நாளுக்குள் திரும்பிவிடுவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். அதற்கு வேலையிலிருந்து பெற்ற விடுப்புக் கடிதம், இங்குள்ள பொறுப்புகளுக்கான ஆதாரம் ஆகியவற்றை வையுங்கள். பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருப்பதை மட்டும் ஒருபோதும் மறைக்காதீர்கள். அது அவர்களுடைய கணினியிலேயே இருக்கிறது. மறைத்தால் பொய்த் தகவல் தந்த குற்றம் வந்து சேரும்.

பாஸ்போர்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பி.ஆர். விண்ணப்பத்துக்கான மருத்துவப் பரிசோதனை 12 மாதங்களுக்குச் செல்லும், பி.ஆர். விசாவின் கடைசி நாள் பெரும்பாலும் அது முடியும் தேதியையோ பாஸ்போர்ட் காலாவதியையோ, எது முந்தியதோ அதை ஒட்டியே அமையும். ஆகவே பாஸ்போர்ட் முடியும் தறுவாயில் இருந்தால் சாலிகிராமத்திலோ அமைந்தகரையிலோ தாம்பரத்திலோ உள்ள சேவா கேந்திரத்தில் முன்பே புதுப்பித்து, புதிய எண்ணைக் கனடியக் குடிவரவுத் துறைக்கு இணையப் படிவம் வழியாகத் தெரிவித்துவிடுங்கள். இன்ஷியல் வைத்து எழுதும் நம் வழக்கத்தால், குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டுகள் இங்கே ஏராளம். அப்படிப்பட்டவர்கள் கனடிய விண்ணப்பத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றதைக் காலியாக விட வேண்டும். விமான டிக்கெட்டும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். திருமணமான கையோடு கணவர் பெயரைச் சேர்க்கும் ஆசை இருந்தால், லேண்டிங், அதாவது பி.ஆர். விசாவோடு கனடாவில் முதன்முறை இறங்கி நிரந்தர வசிப்பாளராகப் பதிவாவது, முடியும் வரை ஒத்திவைப்பதே என் யோசனை. பாதி ஆவணங்களில் அப்பா பெயரும் பாதியில் கணவர் பெயருமாக இருந்தால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

விசா ஒட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டை விண்ணப்ப மையத்தில் ஒப்படைத்த நாள் முதல் அது திரும்பி வரும் வரை எந்த வெளிநாட்டுப் பயணத்தையும் திட்டமிடாதீர்கள். விண்ணப்பித்த பின் வேறொரு நாட்டில் தொடர்ந்து 6 மாதங்களோ அதற்கு மேலோ தங்கினால், அந்த நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் கேட்கப்படும்.

காத்திருக்கும் காலத்தில் குழந்தை பிறந்தால், லேண்டிங்குக்கு முன் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். குழந்தை பாட்டி வீட்டிலேயே இருக்கப் போகிறது, உடனே வரவில்லை என்றாலும் தெரிவிக்க வேண்டும். லேண்டிங் நேரத்தில் சொல்லாமல் விட்ட, மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாத குழந்தையைப் பிற்காலத்தில் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாமல் போகலாம். தாயையும் பிள்ளையையும் ஆண்டுக்கணக்கில் பிரித்து வைக்கக்கூடிய விதி இது. பிரசவ நாள் நெருங்கினாலும் சரி, விசா தேதி நெருங்கினாலும் சரி, முதலில் துறைக்கு எழுதுங்கள், பிறகு டிக்கெட் எடுங்கள்.

லேண்டிங் என்பது கனடாவில் நீங்கள் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே நடக்கும். அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். கையோடு கொண்டுபோகும் பொருட்கள், பின்னால் வரப்போகும் பொருட்கள் என இரண்டு பட்டியல்களைக் கனடிய டாலர் மதிப்புடன் தயார் செய்து சுங்க அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்; தாலி, ஆரம், வளையல் என்று ஒவ்வொரு நகைக்கும் எடையும் புகைப்படமும் இருக்கட்டும். லாக்கரிலேயே இருக்கும் நகையையும் இரண்டாவது பட்டியலில் எழுதிவிட்டால், பின்னர் கொண்டுபோகும்போது வரிக் கேள்வி எழாது. 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ பணம் இருந்தால் அறிவிக்க வேண்டும்.

லேண்டிங் முடித்துவிட்டுச் சில நாட்களிலேயே சென்னைக்குத் திரும்பி, வீட்டைக் காலி செய்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பி.ஆர். விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டுமே. பிறகு விமானத்தில் வர பி.ஆர். கார்டு வேண்டும், அந்தக் கார்டு கனடிய முகவரிக்கு மட்டுமே அஞ்சலில் வரும். முகவரியை 180 நாட்களுக்குள் கொடுக்கத் தவறினால் கட்டணம் கட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். என் அக்கா மகள் கார்டு வருவதற்குள் ஊருக்கு வந்துவிட்டு, மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்ட்டரிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வீடு திரும்பினாள். பி.ஆர். கிடைத்ததற்கான உறுதிச் சான்று கையில் இருந்தும் விமான நிறுவனம் ஏற்றவில்லை, அவர்களுக்கு அந்த அதிகாரமும் இல்லை. அந்நிலையில் செய்யக்கூடியது, வெளிநாட்டில் இருக்கும் பி.ஆர்.களுக்கான பயண ஆவணத்துக்கு 50 கனடிய டாலர் கட்டி விண்ணப்பிப்பதே. அவளும் அதைத்தான் செய்தாள். ஆவணம் கைக்கு வந்த பிறகே மறுபடியும் பெட்டியை எடுத்தாள்.